மின்விசிறி நிறுத்தம்

குன்றிமணி என்பது அவளுக்குத் தெருவார் இட்ட பெயர். உருவத்தில் சிறியவள், எடையில் அணுவளவும் பிசகாதவள். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி யாரோ ஒருவர் அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. வண்ணக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையே, நீளம் மிகுந்து அகலம் குறைந்த ஒரு கடையில், இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் தராசுகளைப் பழுது பார்த்து வந்தாள். காலை எட்டரை மணிக்குக் கதவைத் திறந்ததும் வேலைமேசையை ஈரத்துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடைப்பாள். பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் அன்றி எடுக்கமாட்டாள். "விரல்ல இருக்கற எண்ணெயும் எடைதானே" என்பாள். தராசின் முன் அமர்ந்திருக்கையில் தும்மல் வந்தால்கூட வாசலுக்குச் சென்று தும்மிவிட்டு வருபவள் என்று அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. அது கேலியன்று, உண்மையே.

இவை எல்லாவற்றையும்விட அவள் கண்டிப்பாகக் கடைப்பிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. நுண்ணிய தராசு ஒன்றைச் சமன் செய்யும்போது தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்திவிடுவாள். காற்றின் சிறு அசைவும் தட்டை அழுத்தும் என்பதே காரணம். எத்துணைப் புழுக்கமாயினும் அந்த ஒரு மணி நேரம் மின்விசிறி சுழலாது. நாளடைவில் தெருவுக்கே அது ஓர் அடையாளமாயிற்று. எட்டிப் பார்ப்பவர்கள் மின்விசிறி நின்றிருக்கக் கண்டால் வாய் திறவாமல் திரும்பிவிடுவார்கள். வேலை முடிந்ததும் பதிவேட்டில் நாள், தராசின் வகை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கடைசிக் கட்டத்தில் 'மின்விசிறி நிறுத்தம்' என்று குறித்துக் கையொப்பமிடுவாள். அதன் பின்னரே தராசில் தன் ஈய முத்திரையைப் பதிப்பாள். அம்முத்திரைக்கு உரிமம் அளித்திருந்த முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க புத்தகத்துல தப்பு கண்டுபிடிக்கணும்னா நான் ஒரு மாசம் லீவு போட்டுட்டு உக்காரணும்" என்று கூறிச் செல்வார்.

இந்த ஒருமுகப்பாடு அவளுக்குப் பிறவியில் வாய்த்ததன்று. தொழிலுக்கு வந்த புதிதில் பத்து நிமிடம் தராசு முள்ளை நோக்குவதற்குள் மனம் பத்து இடங்களுக்குப் போய்வரும். அடுப்பை அணைத்தோமா, கொடியில் துணி நனைகிறதா, காலையில் கணவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். ஆகவே தானே ஒரு முறையைக் கண்டாள். இடக்கைப் பக்கம் ஒரு தீப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மனம் விலகியதை உணரும் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியை எடுத்து வலக்கைப் பக்கம் வைப்பாள். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டு குச்சிகள் இடம் மாறின. ஆறு மாதம் கழித்து ஒன்பது. இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒரு குச்சியும் அசையாத நாட்கள் வந்தன. அதன்பின் தீப்பெட்டியை இழுப்பறையின் அடியில் போட்டுவிட்டாள்.

"என்னைப் பாத்ததைவிட அந்த முள்ளைத்தான் நீ அதிகமா பாத்திருக்கே" என்று கணவர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு.

"முள்ளு ஒரு இடத்துல நிக்குதுங்க. நீங்க நிக்கறீங்களா?" என்பாள்.

அவளுக்குக் கேடு வந்த வழி வேறு. சிறு தொழில் செய்வோர் அலுவலகம் அலுவலகமாக அலைவதைத் தவிர்க்கக் கருதி, உரிமங்கள் அனைத்தையும் கணினி வழியே ஒரே இடத்தில் பெறும் ஏற்பாடு ஒன்று வந்தது. அதற்கு 'எளிய வழி' என்று பெயர். அந்த எளிய வழியில் பதினேழு பக்கங்கள் இருந்தன. ஒரு பக்கத்தை நான்கு நிமிடம் தொடாதிருந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். நிரப்பியவை அனைத்தும் அழிந்துபோகும். முதற்பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். பதினேழு பக்கங்களையும் ஒரே மூச்சில் கடந்தவர் அத்தெருவில் குன்றிமணி ஒருத்தியே.

செய்தி பரவுவதற்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. மறுநாள் காலை சாவி வெட்டுபவர் வந்து நின்றார்.

"எந்தப் பூட்டா இருந்தாலும் தொறந்துடுவேன்க்கா. இந்தச் சனியன் கேக்கற கடவுச்சொல்லு மட்டும் தொறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

அவள் பார்த்தாள். அவரைத் தொடர்ந்து சலவைக்காரர் வந்தார், தையற்காரி வந்தாள், செருப்புத் தைப்பவர் தம் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வந்தார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. எளியவர்கள் பிழைப்புக்காக வந்து நிற்கையில் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே காரணம் கூறிக்கொண்டாள். தன்னால்தான் இது முடிகிறது என்ற பெருமையும் அதில் ஓரளவு கலந்திருந்தது. வருவோர் அமர்வதற்காக ஒரு பலகையை வாங்கி இடப்புறச் சுவரோரம் போட்டாள். பலகை வந்த பிறகு அது காலியாக இருந்த நாளே இல்லை.

தொடக்கத்தில் அவர்களிடம், "ஒரு மணி நேரம் பேசாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்துவாள். அவர்கள் பேசாமல் இருப்பார்கள். ஆனால் வேர்த்துக் கொட்டும். செய்தித்தாளை மடித்து விசிறுவார்கள். அந்தக் காற்றும் தட்டை அசைக்கும். நாளாக ஆக நுண்ணிய தராசுகளை மாலைக்குத் தள்ளினாள். மாலையிலும் பலகை நிறைந்தது.

அந்த நாளை அவள் பின்னர் பலமுறை நினைத்துப் பார்க்க நேர்ந்தது. மருந்துக்கடைக்காரர் தம் இருதட்டுத் தராசைச் சமன் செய்யக் கொடுத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியில்லாத, பழைய, நல்ல தராசு அது. குழந்தைகளுக்கு உரிய அளவில் மாத்திரைகள் கிடைக்காதபோது, மருத்துவர் எழுதியனுப்பும் சிறு அளவுகளை அவர் அத்தராசில் நிறுத்துத் தூளாகப் பொட்டலம் கட்டித் தருவார். அன்று பகல் இரண்டு மணிக்குக் குன்றிமணி அத்தராசை மேசைமேல் வைத்தாள். அதே வேளையில் அவளுடைய நாத்தனாரும் வந்து பலகையில் அமர்ந்தாள்.

நாத்தனாரின் கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டு, குன்றிமணி கடையின் முன்பகுதியில் வைத்து விற்கலாம் என்பது அவள் திட்டம். அதற்கான விண்ணப்பம் அன்றுதான் பாதி வழிக்கு வந்திருந்தது.

"அண்ணி, ஒம்பதாவது பக்கம் கேக்குது. அடுப்போட நீளம் அகலம் எல்லாம் கேக்குது. என் நீளம் அகலம் மட்டும்தான் இன்னும் கேக்கல."

"இரு. இதை முடிச்சுட்டு வரேன்."

"நாலு நிமிஷத்துல அழிஞ்சு போயிடுமே! நேத்து அப்படித்தானே ரெண்டு தடவ போச்சு?"

குன்றிமணி எழுந்து கணினித் திரையைத் தொட்டுவிட்டு வந்து அமர்ந்தாள். முள் ஊசலாடி ஓயுமுன் மீண்டும் எழுந்தாள். மின்விசிறியை நிறுத்தக் கை நீட்டியபோது, நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, வேணாம் அண்ணி. உசிரே போயிடும். மெதுவா வச்சா போதும்" என்றாள். மெதுவாக வைத்தாள். முள் ஆடவில்லை, ஓரிடத்தில் நிலைத்து நின்றது போலவே தோன்றியது. வலக்கைப் பக்கத்துத் திருகைச் சிறிது திருப்பி முள்ளை நடுக்கோட்டில் நிறுத்தினாள். பதிவேட்டை எடுத்து நாளும் நேரமும் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் கை தன் பழக்கத்தின்படி 'மின்விசிறி நிறுத்தம்' என்று எழுதிற்று. முத்திரையைப் பதித்தாள். பத்தாவது பக்கத்துக்குப் போனாள்.

மூன்று வாரம் சென்றபின் ஒரு நாள், மதிய உணவு வேளையில், மருந்துக்கடைக்காரர் அந்தத் தராசை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அறுபத்து மூன்று வயதினர். எப்போதும் சலவைச் சட்டை அணிபவர். அன்று சட்டையின் இரண்டாம் பொத்தான் மூன்றாம் துளையில் மாட்டியிருந்தது.

"தங்கச்சி, ரெண்டு வேலை இருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முத்திரை ஆய்வாளர் என் கடைக்கு வராரு. இதைத் தூசி தட்டிக் குடு. அப்புறம் ஒரு விண்ணப்பம் போடணும்."

"என்ன விண்ணப்பம்ணே?"

"கடையை மூடறதுக்கு."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். தெருக்கோடியில் இருக்கும் ஒரு வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனையில் கிடந்ததும், பிழைத்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். காரணம் தெரியாது. அவர் அதைச் சொன்னார். வலிப்புக்காகக் கொடுக்கும் தூள். அவர் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள். இரண்டு நாள் குழந்தை கண் திறக்கவில்லை. மிஞ்சியிருந்த பொட்டலங்களை மருத்துவமனையில் நிறுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் கால் பங்கு கூடுதலாக இருந்ததாம்.

"முப்பத்தஞ்சு வருஷமா கட்டறேன். ஒரு பொட்டலம் தப்பினதில்ல. இப்ப கை போச்சு. கண்ணும் போச்சு. அவங்க வந்து மூடறதுக்கு முன்னாடி நானே மூடிடறது மரியாதை."

"கண்ணு போச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரிஞ்சுதே. உன்கிட்டேர்ந்து தராசு வந்த நாள்லேர்ந்து, வெறும் தட்டுலயே முள்ளு அரைக்கோடு தள்ளி நிக்கற மாதிரி எனக்குத் தெரியும். நீ வச்சுக் குடுத்தது தப்பாகுமா? என் பார்வைதான் சாயுதுன்னு நெனச்சு, மனசுக்குள்ளயே அதை நேராக்கிக்கிட்டேன். அப்பவே கண்ணாடி மாத்தியிருக்கணும்."

ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி அவர் போனார். வாசற்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முன்பு அவர் அப்படி இறங்கி அவள் பார்த்ததில்லை.

பலகையில் தையற்காரியும் அவள் மகளும் இருந்தார்கள். "நாளைக்கு வாங்க" என்றாள் குன்றிமணி.

"இன்னும் ரெண்டு பக்கந்தானேக்கா?"

"நாளைக்கு வாங்கம்மா."

அவர்கள் சென்றதும் கதவைப் பாதி சாத்தி மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுழன்று ஓய்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது. தெருவின் ஓசை திடீரென்று அருகில் வந்துவிட்டது போலிருந்தது. இழுப்பறையின் அடியிலிருந்து தீப்பெட்டியைத் தேடி எடுத்து இடக்கைப் பக்கம் திறந்து வைத்தாள். தராசை மட்டப்படுத்தி, தட்டுகளைத் துடைத்து, முள்ளை நோக்கி அமர்ந்தாள்.

முதற் குச்சி ஒரு நிமிடத்துக்குள் இடம் மாறிற்று. விண்ணப்பங்கள், கடவுச்சொற்கள், பதினோராம் பக்கத்தில் யாருடைய பிறந்த நாளையோ தவறாக எழுதியது என்று மனம் தறிகெட்டு ஓடிற்று. ஒரு மணி நேர முடிவில் எண்ணிப் பார்த்தபோது வலக்கைப் பக்கம் இருபத்தாறு குச்சிகள் கிடந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் சேர்த்தது ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. எப்போது போயிற்று என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முள் நடுக்கோட்டுக்கு வலப்புறம் அரைக்கோடு தள்ளி நின்றது. அது அசையவேயில்லை.

எழுந்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டாள். இடப்புறச் சுவரில் மோதித் திரும்பிய காற்று இடத்தட்டின்மீது படிந்தது. முள் சிறுகச் சிறுக நகர்ந்து நடுக்கோட்டில் வந்து நின்றது. மூன்று வாரத்துக்கு முன் கண்ட அதே நேர்மை. அன்று காற்றின் எடையைத் தராசின் எடையென்று கொண்டு அவள் திருகைத் திருப்பியிருந்தாள். காற்றில்லாத மருந்துக்கடையில் எடைக்கல் வைக்கும் வலத்தட்டு தாழ்ந்தது. அதற்கு ஈடாக இடத்தட்டில் மருந்து கூடிற்று. அந்த அரைக்கோடு அளவு மருந்தே குழந்தையின் வாய்க்குள் போயிருக்கிறது.

மின்விசிறியை மீண்டும் நிறுத்திவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தாள். அந்த நாளின் கடைசிக் கட்டத்தில் அவளுடைய எழுத்து மிக ஒழுங்காக இருந்தது.

நாத்தனார் பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது அப்போதுதான். "அண்ணி, வந்துடுச்சு! கடைசிப் பக்கம் வரைக்கும் ஏத்துக்கிட்டாங்களாம். கையெழுத்து போட்டா முடிஞ்சுது" என்றவள், மின்விசிறி நின்றிருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என்ன ஆச்சு? ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

குன்றிமணி சொன்னாள். மறைக்காமல், நடந்த வரிசையிலேயே சொன்னாள். நாத்தனார் பலகையில் அமர்ந்தாள்.

"நான்தானே ஃபேனை நிறுத்த வேணாம்னேன்" என்றாள் பிறகு.

"நீ சொன்னே. நிறுத்தாதது நான்."

"சரி, இப்ப என்ன? திருகை ஒரு சுத்து சுத்து. முள்ளு நேராயிடும். நாளைக்கு ஆய்வாளர் வந்து பாத்தா தராசு சரியா இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"தராசு சரியா இருந்தா, அப்ப தப்பு யாரோடது?"

குன்றிமணி மருந்துக்கடைப் பக்கம் கை காட்டினாள்.

"அவர் கையோடதுன்னு எழுதுவாங்க. அவரே அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்காரு."

"அவருக்கு வயசாச்சு அண்ணி. எப்படியும் இன்னும் ரெண்டு வருஷத்துல மூடப் போறவருதானே? நமக்கு இப்பதான் தொறக்குது. உன் உரிமம் போனா இந்த முகவரிக்கே தடை போட்டுடுவாங்க. நீயே படிச்சுக் காட்டினியே, பதினஞ்சாம் பக்கத்துல? ஒரே முகவரியில ஒண்ணு ரத்தானா இன்னொண்ணும் நின்னுடும்னு. உன் தம்பி மாதிரிதானே என் வீட்டுக்காரரு? எட்டு மாசமா ஜன்னலண்டையே உக்காந்திருக்காரு. நேத்துதான் ரொட்டித் தட்டைக் கழுவிக் குடுத்தாரு. தானா எழுந்து கழுவினாரு அண்ணி."

அச்சொற்கள் குன்றிமணியை வேறெதைக் காட்டிலும் வருத்தின. அவளுடைய கை திருகின் பக்கம் போயிற்று. விரல் நுனியால் அதைத் தொடவும் செய்தாள். மிகச் சிறிய திருகு. அரிசி மணியளவுகூட இராது. அதைத் திருப்ப வலிமையே வேண்டாம். சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் வரேன்" என்றாள்.

நாத்தனார் எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாளா, அழுதுகொண்டு போகிறாளா என்பது முகத்தில் தெரியவில்லை. போகும்போது பழக்கத்தால் மின்விசிறியின் விசையருகே கையைக் கொண்டுபோய், பின் இழுத்துக்கொண்டாள்.

எஞ்சிய நேரத்தில் குன்றிமணி, கடையை மூடும் விண்ணப்பத்தைக் கணினியில் எடுத்துப் பார்த்தாள். திறப்பதற்குப் பதினேழு பக்கங்கள் வைத்திருந்தவர்கள் மூடுவதற்கு ஒரே பக்கம் வைத்திருந்தார்கள். மூன்று கேள்விகள். நான்கு நிமிடக் கெடுவும் அதற்கு இல்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்பக்கம் அப்படியே நின்றது.

ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். நின்ற மின்விசிறியைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார்.

"வேலையா இருக்கியா? அப்புறம் வரட்டுமா?"

"உள்ள வாங்கண்ணே. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். இங்க உக்காருங்க. முள்ளைப் பாருங்க."

அவர் அவளுடைய நாற்காலியில் அமர்ந்து குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார்.

"அரைக்கோடு வலப்பக்கம் தெரியுது தங்கச்சி. எனக்கு அப்படித்தான் தெரியும்."

"எனக்கும் அரைக்கோடு வலப்பக்கந்தான் தெரியுது."

அவர் நிமிர்ந்தார். அவள் மின்விசிறியை மெல்ல ஓடவிட்டாள். முள் நடுவுக்கு வந்தது. நிறுத்தினாள், மீண்டும் விலகியது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நிறுத்துப் பழகிய மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவள் பதிவேட்டைத் திறந்து அந்த நாளைச் சுட்டிக் காட்டினாள்.

"அன்னிக்கு ஃபேன் ஓடிச்சு. நிறுத்தினதா எழுதியிருக்கேன்."

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துப் படித்தார். ஆறுதலாக ஏதேனும் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"மூணு நாளா ராத்திரியில கையை விளக்குக்கு நேரா நீட்டி நீட்டிப் பாக்கறேன், நடுங்குதான்னு" என்றார் கடைசியில். "நடுங்கலையேன்னு நெனைப்பேன். அப்புறம் நடுங்கற மாதிரியே தெரியும்." பதிவேட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தக் குழந்தையோட அம்மா இப்பல்லாம் எதிர்ப்பக்கமா நடந்து போறா. அது இனிமே மாறாது. உன் தப்புன்னு தெரிஞ்சாலும் மாறாது. பொட்டலம் கட்டின கை இதுதானே?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். முள்ளு தள்ளி நிக்குதேன்னு."

"கேட்டிருந்தா, பலகையில ஆள் இருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

வாசலில் சாவி வெட்டுபவர் ஒரு கத்தைத் தாள்களுடன் எட்டிப் பார்த்தார். நின்ற மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஓசையின்றித் திரும்பிச் சென்றார்.

குன்றிமணி பேனாவை எடுத்தாள். அந்த நாளின் கடைசிக் கட்டத்தில் இருந்த இரண்டு சொற்களையும் ஒற்றைக் கோட்டால், படிக்கும்படியாகவே, அடித்தாள். அதன்மேல் 'மின்விசிறி ஓடியது' என்று எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டாள். தராசை அவருடைய துண்டிலேயே சுற்றினாள். திருகு எங்கும் பட்டுவிடாதபடி மடிப்பைத் தளர்த்தி வைத்தாள்.

"இதுல நான் கை வைக்கலண்ணே. இப்படியே எடுத்துட்டுப் போங்க. நீங்களும் தொடாதீங்க."

"கடைய மூடற விண்ணப்பம்?"

"அதைப் போட வேணாம். என் நாத்தனாரோட விண்ணப்பத்துக்குத்தான் வேற முகவரி போட்டு முதல் பக்கத்துலேர்ந்து எழுதணும். அதை இன்னிக்குச் சாயங்காலம் அவ வீட்ல உக்காந்து முடிச்சுடுவேன்." அவள் மேசையில் கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கி மூடினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நானும் உங்க கடைக்கு வரேன். பதிவேட்டையும் முத்திரையையும் ஆய்வாளர் கையில குடுத்துடறேன்."